எதிர்க்காற்றில் லிட்டருக்கு எவ்வளவு?

பழவேற்காடு,
புரட்டாசி 4.

அன்பு மகள் நந்தினிக்கு உன் நைனா எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வாசலில் நிற்கிற காரும் சுகம். அங்கே நீயும், உன் வார்டில் படுத்திருக்கிற ஜெர்மனிக்காரர்கள் அத்தனை பேரும் சுகமாக இருக்க கங்கையம்மன் துணை இருப்பாள். தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு நைனா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது கேள்வி கேட்கிறாய், நடுவில் உன் அம்மா பிடுங்கி சாப்பிட்டாயா, குளிருக்கு மப்ளர் கட்டினாயா என்கிறாள், வீடியோவில் என் மூஞ்சியைப் பார்த்தே நைனா நீ டபாய்க்கிறே என்று கண்டுபிடித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. போய்ச் சேர பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள், அதுவரை நீ என்மேல் கோபப்பட முடியாது. அதனால்தான் உன்னிடம் மறைத்த இரண்டு மூன்று விஷயங்களை இதில் எழுதலாம் என்று துணிந்து உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது யாருக்கும் ஒன்றும் இல்லை, பதறாமல் வரிசையாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதை இன்றைக்கு விட்டுவிடு.

போன ஐப்பசி மழையில் உன் அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்ததை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஜான்சன் தன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான், பாவம், பாதி வழியில் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி அது நின்றுவிட்டது, தள்ளிக்கொண்டே போய் இன்னொரு வண்டியைப் பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குச் சேர்வதற்குள் இரண்டேகால் மணி நேரம். அத்தனை நேரமும் நீ போனை வைக்காமல் அங்கே அழுதுகொண்டிருந்தாய். ஊரார் மூச்சையெல்லாம் பார்த்துக்கொள்கிற பெண் சொந்தத் தாயின் மூச்சுக்குப் பக்கத்தில் இல்லையே என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் தேறி வீட்டுக்கு வந்த பிறகு நீ கட்டளை போட்டாய். அடுத்த ஐப்பசிக்குள்ள வூட்டுல ஒரு காரு நிக்கணும், அத்த ஓட்டத் தெரிஞ்ச ஆளு வூட்டுக்குள்ளயே இருக்கணும், இல்லாங்காட்டி நான் வேலைய வுட்டுட்டு வந்துடுவேன் என்றாய். சம்பளத்துக்கு டிரைவர் வைக்கிற பேச்சே கூடாது, அவன் மழை நாளில் அவன் வீட்டில் இருப்பான் என்றாய். பணம் நீ அனுப்பினாய், எட்டு லட்சத்துக்குள் முடிய வேண்டும், நடுவழியில் நிற்காத வண்டியாக இருக்க வேண்டும், பெட்ரோலைக் குடிக்கிற வண்டியாக இருக்கக் கூடாது என்று சொன்னாய். ஆடி மாசத்தில் உங்கள் நர்ஸ்களுக்கெல்லாம் தலைமையான பெரிய சிஸ்டர் அந்த வார்டையே உன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டபோதும், ஐப்பசி வரட்டும், வூட்டு நெலம பார்த்துச் சொல்றேன் என்று அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறாய். ஆக, அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்று நம் மீனவக் குப்பத்தில் யார் கார் ஓட்டப் போகிறார்கள் என்று தெரியாமல் காத்துக்கொண்டிருக்கிறது.

கார் தேடிய கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். என் மனசில் இருந்தது என்னவோ இறால் ஏஜென்ட் தமிழ்வாணன் வைத்திருக்கிறானே, ஆள் உயரத்துக்கு, அந்த மாதிரி ஒன்று. அவன் அதில் ஏறும்போது மாடிக்கு ஏறுகிற மாதிரி ஏறுவான், இறங்கும்போது ஊரே தன்னைப் பார்க்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பான். எனக்கும் அப்படி ஒருமுறை இறங்கிப் பார்க்க ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை. உன் அம்மாதான், தமிழ்வாணன் அந்த வண்டிக்கு ஊத்துற பெட்ரோலுக்கு நாம ரெண்டு வேள நண்டு குழம்பு வெச்சுத் துன்னலாம், கம்முனு சின்ன வண்டியா பாரு என்று அடக்கினாள். கரண்டில் ஓடும் கார் வாங்கு என்று சிலர் சொன்னார்கள், புயல் வந்தால் நமக்கு நாலு நாள் கரண்ட் இருக்காது, சரியாக அன்றைக்குத்தான் கார் வேண்டும். கேஸில் ஓடுவது செலவு குறைச்சல் என்றார்கள், அது உண்மைதான், ஆனால் பின்னால் சாமான் வைக்கிற இடத்தைச் சிலிண்டரே பிடித்துக்கொள்கிறது, உன் அம்மாவின் நண்டுக் கூடையை என் மடியிலா வைப்பது, கேஸ் போடுகிற இடத்திலும் வரிசை. டீசலோ, நாம் ஓடுகிற ஓட்டத்துக்குக் கட்டாது. கடைசியில் பெட்ரோல், சின்ன வண்டி என்று வந்து நின்றோம். எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க ஒரு வழி பண்ணினேன் பார். பொன்னேரியில் ஒரு மெக்கானிக்கிடம் போய், உன்னிடம் அடிக்கடி வராத வண்டி எது என்று கேட்டேன். நல்ல வண்டி எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், இப்படிக் கேட்டால் வயிற்றெரிச்சலில் உண்மை வந்துவிடும். அவன் ஒரு வண்டியின் பேரைச் சொல்லி, அத்த வாங்குறவன்லாம் பேஜார் புடிச்ச பார்ட்டி சார், வருஷத்துக்கு ஒருவாட்டி ஆயில் மாத்த வருவானுங்க, அதோட சரி, நாங்க இன்னாத்த துன்றது என்று அலுத்துக்கொண்டான். அந்தப் பேரை அப்படியே சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தேன். சிகரெட் அந்த மெக்கானிக்குடையது, நான் விட்டது விட்டதுதான், அம்மாவைக் கேட்டுக்கொள்.

பிறகு ஷோரூமுக்குப் போனோம். உள்ளே ஏசி, கண்ணாடி மாதிரித் தரை, டை கட்டிய ஒரு தம்பி வந்து காபி கொடுத்து, சார் லிட்டருக்கு இருபத்திநாலு கொடுக்கும் என்றான். எதிர்க்காற்றில் எவ்வளவு தம்பி என்று கேட்டேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. வாடைக் காற்றை எதிர்த்துப் போனால் என் படகு மோட்டார் ஒன்றரைப் பங்கு குடிக்கிறது, ஏரிக்கரை ரோட்டில் காரும் அதே காற்றில்தானே போக வேண்டும். அவன் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டு வந்து, அந்தக் கணக்கு கம்பெனி கொடுக்கவில்லை சார் என்றான். சரி, வண்டியின் அடியைக் காட்டு என்றேன். பேனட்டைத் திறந்தான். அதில்லை தம்பி, அடி என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பளபளப்புத் தரையில் மல்லாந்து படுத்து உள்ளே போய்விட்டேன். உன் அம்மா நான் யாரோ, தான் யாரோ என்று பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். படகை வாங்குகிறவன் மேலே அடித்த பெயின்டையா பார்ப்பான், கவிழ்த்துப் போட்டு அடியைத்தானே தட்டிப் பார்ப்பான். நம் ஊர் உப்புக் காற்று எதையும் அடியிலிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். ஆனால் புது வண்டியின் அடியில் என்ன தெரியும், புதுசாக இருந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உப்புக் காற்றில் ஐந்தாறு வருஷம் நின்ற கார்கள் எங்கே இருக்கும், காட்டுப்பள்ளி துறைமுகத்து கேட்டுக்கு வெளியே வேலைக்காரர்கள் நிறுத்தியிருப்பார்கள். மறுநாள் காலையில் ஒரு கோணியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பதினொரு காரின் அடியைப் பார்த்து முடித்து, பன்னிரண்டாவது காரின் அடியில் இருக்கும்போது யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். வாட்ச்மேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, துறைமுகத்தைப் பெரிசாக்காதே என்று நாம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தபோது முன் வரிசையில் இருந்தவன் நான்தானே. இன்னா பெரியவரே, காரு அடியில பூந்து போராட்டமா, ஆபீசருக்குச் சொல்லட்டுமா என்று விசிலை வாயில் வைத்தான். இல்லப்பா, துருவைப் பார்க்கிறேன், என் பெண் கார் வாங்கித் தருகிறாள் என்றேன். அவன் நம்பவில்லை. வா, நீயும் வந்து பார் என்று பக்கத்தில் படுக்க வைத்து, இந்த வண்டிக்கு மட்கார்டு பக்கம் ஓட்டை, அந்த வண்டிக்கு சைலன்சர் பிடிக்கிற கம்பியே காணோம், இந்த ஒன்று மட்டும் பார் என்று மெக்கானிக் சொன்ன அதே வண்டியைக் காட்டினேன். அடியில் கறுப்பாக ஏதோ பூச்சு பூசி, தார் டின் மாதிரி கெட்டியாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அவன், பெரியவரே அப்படியே என் பைக்கையும் ஒருவாட்டி பார்த்துச் சொல்லு என்று கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பூச்சைத்தான் நான் ஷோரூமில் முதல் காரியமாகக் கேட்டு வாங்கினேன். சீட் கவர், கலர் லைட், வாசனை பாட்டில் என்று அந்தத் தம்பி நீட்டிய எதையும் வாங்கவில்லை. மீன்காரி காருக்கு வாசனை பாட்டில் ஒரு கேடா என்று உன் அம்மாவே சொல்லிவிட்டாள்.

மைலேஜ் விஷயத்தில் யார் சொன்னதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வலையில் நல்ல பாடு கிடைத்த அன்றைக்கு எவ்வளவு மீன் பிடித்தாய் என்று கேட்டால் நம் ஆட்கள் குறைத்துச் சொல்வார்கள், கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் கூட்டிச் சொல்வார்கள், இரண்டும் மனுஷ சுபாவம். உனக்குப் பாடம் சொன்ன தேவதாஸ் மாஸ்டரிடம் அதே கார் ஐந்து வருஷப் பழசு இருக்கிறது. அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய்ப் பொன்னேரி பங்கில் கழுத்து வரை பெட்ரோல் ஊற்றச் சொல்லி, எளாவூர் செக்போஸ்ட் வரை போய், ஆந்திராவை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்து, அதே பங்கில் மறுபடி கழுத்து வரை ஊற்றினோம். போக வர ஐம்பத்தைந்து கிலோமீட்டர், பிடித்தது மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, லிட்டருக்கு பத்தொன்பது, அதுவும் பாதி வழி எதிர்க்காற்று, மாஸ்டர் வழியெல்லாம் பழைய பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பாரம் வேறு. இருபத்திநாலு என்று சொன்ன தம்பியிடம் நான் சண்டைக்குப் போகவில்லை, பத்தொன்பதே போதும் என்று முடித்தோம். வைகாசிக் கடைசியில் மாஸ்டர்தான் வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். அதை போட்டோவில் பார்த்தாய், வெள்ளைக் கலர், வெயிலுக்குச் சூடாகாது என்று அம்மா தேர்ந்தெடுத்தது. போட்டோவில் வராதது ஒன்று உண்டு. புதுப் படகுக்குச் செய்கிற மாதிரியே, கருவாட்டுக்கார நாகம்மாள் இடுப்பில் ஒரு குடம் கடல் தண்ணீரோடு வந்து, நல்லா இருக்கணும் என்று முழுக்குடத்தையும் காரின் தலையில் ஊற்றிவிட்டாள். இரண்டு மாசமாக உப்புக்குப் பயந்து ஊர் ஊராகக் கார் அடியில் படுத்தவன் நான். அவள் வாழ்த்திக் கைகூப்பி நிற்கிறாள், என்ன சொல்வது, நானும் கும்பிட்டுவிட்டு அவள் தலை மறைந்ததும் நல்ல தண்ணீர் எட்டுக் குடம் ஊற்றிக் கழுவினேன்.

இப்போது மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிற போட்டோ அனுப்பி, நைனா சோக்கா ஓட்டுறேன் கண்ணு என்று சொன்னேன் அல்லவா. அந்தப் போட்டோவில் சாவி உன் அம்மாவின் கையில் இருந்தது. நான் ஓட்டவில்லை, எனக்கு ஓட்ட வரவில்லை, இரண்டு முறை டெஸ்டில் பெயில் ஆகிவிட்டேன். சிரிக்காமல் காரணத்தைக் கேள். நாற்பது வருஷமாகப் படகின் பின்னால் உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தவன் நான். அந்தக் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும், இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம். அது யோசித்துச் செய்வதில்லை, கையே செய்துவிடும். டிரைவிங் ஸ்கூல் சம்பந்தம் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணே ரைட்டு என்றால், என் கை ஸ்டியரிங்கை லெப்டுக்குத் திருப்பிவிட்டு, ஏன் வண்டி வேலிக்குப் போகிறது என்று ஆச்சரியப்படும். முதல் வாரத்திலேயே நாகம்மாள் காயப்போட்ட நெத்திலிக் கருவாட்டின்மேல் இரண்டு சக்கரத்தை ஏற்றினேன். இன்னா அண்ணே, ரோட்டுல ஓட்டுறதா ஏரியில ஓட்டுறதா என்று அவள் கேட்ட கேள்வி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. முதல் டெஸ்டில் இன்ஸ்பெக்டர் ரைட்டில் திருப்பச் சொன்னார், நான் அழகாக லெப்டில் திருப்பினேன், அவர் பெயில் என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டாவது தடவைக்குக் கையில் பேனாவால் குறி போட்டுக்கொண்டு போனேன், திருப்பமெல்லாம் சரியாக வந்தது. கடைசியில் நிறுத்து என்றார். படகுக்கு ஏது பிரேக், கரை வரும்போது மோட்டாரை அணைத்துவிட்டால் தானாக மிதந்து போய்த் தட்டும். நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வண்டி மிதந்து போய் ஆபீஸ் காம்பவுண்டு சுவரைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியில் தன் பக்கமும் இருந்த பிரேக்கை மிதித்தார். எத்தனை வருஷமா இப்படி நிறுத்துறீங்க என்று கேட்டார். நாற்பது வருஷம் சார் என்றேன்.

அன்றைக்கு நானும் உன் அம்மாவும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். வாசலில் கார் பழைய வலையைப் போர்த்திக்கொண்டு நின்றது, ஆடு ஏறாமல் இருக்க நான்தான் போர்த்தி வைத்திருந்தேன், அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அந்தக் கோழியை விரட்டிவிட்டு அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள், உண்மையச் சொல்லுய்யா, பொண்ண இங்க வரவெக்கத்தான் நீ பெயில் ஆவுறியா. எனக்குச் சுருக்கென்றது. இல்லடி, கை வரவில்லை என்றேன். கை வரவில்லை என்பது நிஜம். அவள் விடவில்லை. அவ படிச்சது நம்ம ரெண்டு பேருக்குக் காவல் காக்குறதுக்கா, நான் தலையில மீன் கூடய தூக்குனது அதுக்கா, என் இழுப்பக் காட்டி என் பொண்ண இழுத்துட்டு வரணுமா என்று ஒரு மூச்சில் கேட்டாள். மறுநாள் காலையில் மீன் விற்றுவிட்டு நேராக சம்பந்தத்திடம் போய், தம்பி, இந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்தத எனக்குச் சொல்லிக் குடு என்று நின்றிருக்கிறாள். யக்கா, அண்ணனுக்குப் படகு சொல்லிக் குடுத்தத மறக்க வெக்கிறதுதான் கஷ்டம், உனக்கு அது கெடையாதே, உக்காரு என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் என்றைக்கும் படகு ஓட்டினதில்லை, அவள் கைக்கு எந்தப் பழக்கமும் இல்லை, ரைட்டு என்றால் ரைட்டு, லெப்டு என்றால் லெப்டு. டாக்டரிடம் போய் மூச்சைச் சோதித்து சர்டிபிகேட் வாங்கினாள், வாயில் வைத்து இழுக்கிற பம்ப் மருந்தை வேளை தவறாமல் எடுத்தாள், எட்டாம் கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு அந்த சிக்னல் படப் புத்தகத்தை அடுப்படியில் சாய்த்து வைத்துப் படித்தாள். ஆவணி முதல் வாரத்தில் டெஸ்ட். முதல் தடவையே பாஸ். அதே இன்ஸ்பெக்டர்தான், இறங்கும்போது என்னைப் பார்த்து, வீட்டுல இவங்க ஓட்டட்டும் பெரியவரே என்று வணக்கம் வைத்தார். உனக்கு இதைச் சொல்லக் கூடாது என்று அவள்தான் என்னிடம் சத்தியம் வாங்கினாள், தனியாக மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் வரை சொல்லாதே, பயப்படுவா என்றாள். இப்போது அந்தச் சத்தியம் தீர்ந்துவிட்டது.

எப்படித் தீர்ந்தது என்று எழுதுகிறேன், இங்கேதான் நீ பதறக் கூடாது. லைசென்ஸ் வந்த ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும், ஏரியில் ஆழம் குறைந்த இடத்தில் படகைத் தள்ள இறங்கினேன், மண்ணுக்குள் படுத்திருந்த திருக்கை மீன்மேல் காலை வைத்துவிட்டேன். அதன் வால் முள் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. எத்தனையோ பேருக்கு ஏறியிருக்கிறது, எனக்கும் முன்னே ஒருமுறை ஏறியிருக்கிறது, ஆனால் இந்தத் தடவை வலி இடுப்பு வரை வந்து, வாந்தி வந்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கரையில் கொண்டுவந்து போட்டார்கள். ஜான்சன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சவாரி போயிருந்தான், வேறு வண்டிக்கு ஆள் ஓடினார்கள். உன் அம்மா யாரையும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் சுடு தண்ணீரைக் கொண்டுவந்து பின் சீட்டுக்குக் கீழே வைத்தாள், விஷம் சூட்டுக்குத்தான் அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். என்னைத் தூக்கிப் போடச் சொல்லி என் காலை அதில் வைத்தாள், வலையை உருவி எறிந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாவியைப் போட்டாள். நாகம்மாள் முன் சீட்டில் தானாக ஏறிக்கொண்டாள், அவள் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கங்கையம்மனைக் கூப்பிட்டதைத் தவிர வேறு உதவி ஏதும் செய்யவில்லை. நான் வலியிலும் சும்மா இருக்கவில்லை, அந்தப் பக்கெட் தண்ணீர் புது சீட்டில் சிந்தப் போகிறதே என்று ஒரு பயம், மணல் லாரி வருகிறதே என்று ஒரு பயம், கரைப் பக்கம் ஒதுங்கு, கரைப் பக்கம் ஒதுங்கு என்று கத்திக்கொண்டே வந்தேன். அவள் திரும்பவே இல்லை. ஏரி இல்லய்யா இது, ரோடு, கம்முனு உக்காரு என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒருவரையும் இடிக்கவில்லை, பொன்னேரி கடைத்தெருவில் நடு ரோட்டில் நின்ற மாட்டுக்கு மட்டும் ஹாரன் அடித்துக் காத்திருந்தாள். நாற்பது நிமிஷம் என்று நாகம்மாள் சொல்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு வந்தவள் எப்படி மணி பார்த்தாள் என்று கேட்காதே.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் போட்டு உள்ளே தள்ளும்போது அந்த நர்ஸ் பெண், சம்சாரம் மட்டும் கூட வரலாம், டிரைவர் வெளியே நிற்கட்டும் என்றாள். ரெண்டும் நான்தான், வுடும்மா என்று உன் அம்மா உள்ளே வந்துவிட்டாள். ஊசி போட்டார்கள், முள்ளின் நுனி உள்ளே உடைந்து கிடந்ததை எடுத்தார்கள், சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னார். வலி இறங்கிய பிறகு பார்த்தால் உன் அம்மாவைப் பக்கத்தில் காணோம், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் காருக்குள் தனியாக உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளே வந்து, பக்கெட்ட மறந்துடாத, நல்ல பக்கெட் என்றாள். இப்போது கால் ஆறிவிட்டது, கட்டுப் பிரித்தாகிவிட்டது, இரண்டு வாரமாக வீடியோவில் நான் மூஞ்சியை மட்டும் காட்டியதற்குக் காரணம் இதுதான். அவள் இந்த இரண்டு வாரத்தில் மூன்று முறை தனியாக மீஞ்சூர் வரை போய்விட்டு வந்துவிட்டாள்.

நந்தினி, இனி எழுதுவதை அவளுக்கும் காட்டப் போவதில்லை. அன்றைக்கு வாசலில் அவள் கேட்டதற்கு இல்லை என்று சொன்னேனே, அதில் பாதி பொய். கை வரவில்லை என்பது மெய்தான், ஆனால் பெயில் என்று இன்ஸ்பெக்டர் எழுதிய ஒவ்வொரு தடவையும் என் வயிற்றுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. இந்த வீட்டில் ஓட்ட ஆள் இல்லை என்றால் என் பெண் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது கண்ணு. படகை விட்டு இறங்கி வரும்போது எனக்கு எதிரே வந்து கூடைக்குள் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. உன் அம்மா தைரியசாலி, நான் அப்படி இல்லை, எனக்கு நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தினமும் இருக்கிறது. அந்த ஆசைக்காக நான் அவள் மூச்சை நோயென்று காட்டி உன்னைக் கூப்பிடப் பார்த்தேன், அவளோ அதே மூச்சை வைத்துக்கொண்டு உனக்காகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் நானே என் கையால் எழுதுகிறேன், நீ வராதே. லீவு கிடைக்கும்போது வா, சாப்பிட வா, சண்டை போட வா, வேலையை விட்டு மட்டும் வராதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்கள் பெரிய சிஸ்டரிடம் போய் அந்த வார்டை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். நைனா சொன்னார் என்று சொல்லாதே, நானாகச் சொல்கிறேன் என்று சொல். வராதே என்ற அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, நாலு காகிதத்தைக் கிழித்தேன்.

கங்கையம்மன் உன்னைக் காப்பாற்றுவாள், உன் கைபட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு. வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் காயப்போடாதே, அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொடியை அங்கே வாசனை என்று சொல்லி மூடி வைக்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாப்பிடு. பதிலைக் கடிதமாக எழுது, போனில் சொன்னால் அவள் பிடுங்கிவிடுவாள், நான் கேட்க முடியாது.

இப்படிக்கு,
உன் நைனா சின்னதம்பி,
குப்பத்தில் இப்போது எல்லாரும் கூப்பிடுகிறபடி, டிரைவரம்மா வீட்டுக்காரர்.